பெப்பரோனி கேட்டால் குடைமிளகாய் வருவது ஏன்?

ரோமில் ஒரு சின்னக் கடையில் பெப்பரோனி பீட்சா கேட்டீர்கள். சிவப்பும் மஞ்சளுமாகக் குடைமிளகாய் பரப்பிய பீட்சா வந்தது, இறைச்சி ஒரு துண்டுகூட இல்லை. கேட்டதற்கு, பரிமாறியவர் அந்தக் குடைமிளகாயையே சுட்டிக்காட்டி "பெபெரோனி" என்றார். ஏமாற்றிவிட்டார்களா, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், 'பெப்பர்' என்பதே தமிழ்ச் சொல் என்கிறார்களே அது சரியா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார். இத்தாலிய மொழியில் பெபெரோனே என்றால் ஒரு குடைமிளகாய், பெபெரோனி என்றால் பல. நம்மூர் பீட்சாவில் பார்க்கும் அந்தச் சிவப்பு வட்டத் துண்டுக்கு இத்தாலியில் அந்தப் பெயர் கிடையாது. அது அமெரிக்காவுக்குக் குடியேறிய இத்தாலியர்கள் அங்கே உண்டாக்கிய சாசேஜ். பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். எழுதும்போதே வேறுபாடு தெரியும்: இத்தாலியர்கள் சொல்லின் நடுவில் ஒற்றை 'பி' போடுவார்கள், அமெரிக்கர்கள் ஆங்கிலப் 'பெப்பர்' நினைப்பில் இரண்டு போடுவார்கள். (இத்தாலியில் 'லாத்தே' கேட்டாலும் இதே கதைதான். காபி வராது, வெறும் பால் வரும்.)

இனி சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'பெபே' என்றால் மிளகு. அதன் பின்னால் வரும் 'ஓனே' என்ற விகுதிக்குப் 'பெரிய' என்று பொருள். மினெஸ்த்ரா என்பது சூப். காய்கறி நிறையப் போட்ட கெட்டியான பெரிய சூப் மினெஸ்த்ரோனே. அதே மாதிரி பெபெரோனே என்பது 'பெரிய மிளகு'. நாம் விகுதி சேர்க்காமல் முன்னால் அடை சேர்ப்போம், சோம்பைப் பெருஞ்சீரகம் என்கிறோமே, அதுபோல. சோம்புக்கும் சீரகத்துக்கும் உள்ள உறவாவது பரவாயில்லை, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். மிளகுக்கும் குடைமிளகாய்க்கும் அதுகூட இல்லை. மிளகு கொடியில் காய்ப்பது, வெற்றிலையின் சொந்தக்காரன். குடைமிளகாய் கத்தரி, தக்காளி வகையறா.

இத்தாலியர்கள் இதோடு நிற்கவில்லை. காரமான சின்ன மிளகாய்க்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெபெரோனேயை எடுத்து, 'சின்ன' என்ற பொருள் தரும் விகுதியை அதன் வாலில் கட்டி, பெபெரோன்சீனோ ஆக்கினார்கள். அப்படியே தமிழாக்கினால் 'சின்னப் பெரிய மிளகு' என்று வரும்.

சிரிக்க வேண்டாம், நாமும் இதையேதான் செய்தோம். மிளகாய் என்ற சொல்லை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மிளகு, காய். மிளகு போல உறைக்கும் காய். தினம் சட்னி அரைக்கிற வீட்டில்கூட இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குடைமிளகாய் என்று சொல்லும்போது, காரமே இல்லாத ஒரு காய்க்குள் மிளகை ஒளித்துவைத்துத்தான் பேசுகிறோம். ரோமில் உங்கள் தட்டுக்கு வந்த பொருளின் இத்தாலியப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் பிறந்தவை.

ஏன் அப்படி? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துத் தாவரம். 1492க்கு முன்னால் ஐரோப்பாவிலும் இல்லை, ஆசியாவிலும் இல்லை. கொலம்பஸ் புறப்பட்டதில் மிளகு நாட்டுக்குக் குறுக்குவழி பிடிக்கும் ஆசையும் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் மிளகு இல்லை. ஆனால் வாயை எரிக்கும் ஒரு காய் இருந்தது. 1493 ஜனவரி 15ஆம் தேதிக் குறிப்பில், அந்த ஊர்க்காரர்கள் 'அஹி' என்று ஒன்றைச் சாப்பிடுகிறார்கள், அதுதான் அவர்களுடைய மிளகு, மிளகைவிட மேலானது என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். தேடி வந்தது கிடைக்காதவர், கிடைத்ததற்குத் தேடியதன் பெயரை வைத்தார். அவரே ஜெனோவாக்காரர், அதாவது இத்தாலியர், என்பது தற்செயல்தான்; ஸ்பெயினுக்காகப் போனவர் அவர்.

குழப்பம் அங்கேயே முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. போர்ச்சுகீசியர் மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், அது இங்கே காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 1542இல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் மூலிகைகள் பற்றி ஒரு பெரிய நூல் போடுகிறார். அதில் மிளகாய்ச் செடியின் அழகான படம் இருக்கிறது. பெயர்? 'கள்ளிக்கோட்டை மிளகு'. வாஸ்கோ ட காமா வந்து இறங்கி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை, அதற்குள் மெக்சிகோப் பக்கத்துக் காய் கேரளத்துப் பொருளாகிவிட்டது. உறைப்பான எதுவும் இந்தியாவிலிருந்துதான் வரும் என்று அவர்கள் மனதில் ஊறிப்போயிருந்தது.

புதிய காய்க்குப் பழைய பெயரை வைத்தாயிற்று. அப்புறம் பழையதையும் புதியதையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? ஒவ்வொரு மொழியும் ஒரு வழி கண்டது. இத்தாலிய மொழியைப் போலவே 'பெரிய' என்ற பொருள் தரும் விகுதியைப் போட்டது பிரெஞ்சு: மிளகு புவாவ்ர், குடைமிளகாய் புவாவ்ரோன். காத்தலான் மொழியில் பெப்ரே, பெப்ரோத். ஸ்பானியர்கள் வேறு சொல்லைப் பிடித்தார்கள். லத்தீனில் 'பிக்மெந்தும்' என்றால் சாயம். அது மெல்ல மசாலாப் பொருளைக் குறித்து, ஸ்பானிஷில் மிளகுக்கே பெயராகிவிட்டது. அவர்கள் செய்ததெல்லாம் சொல்லின் பாலை மாற்றியது மட்டும்: பிமியெந்தா பெண்பால், மிளகு, பிமியெந்தோ ஆண்பால், குடைமிளகாயும் மிளகாயும். ஒரு உயிரெழுத்தில் சமையலே மாறிவிடும். கிரேக்கர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான், பிபேரி மிளகு, பிபெரியா குடைமிளகாய்.

தென்னிந்தியாவில் காயைச் சேர்ப்பதுதான் பொது வழி. கன்னடத்தில் மெணசு, மெணசினகாயி. தெலுங்கில் மிரியாலு, மிரபகாய. மலையாளம் மட்டும் வேடிக்கையான பக்கம் திரும்பியது. அங்கே 'முளகு' என்ற வெறும் சொல்லை மிளகாய் பிடுங்கிக்கொண்டது. ஆயிரம் ஆண்டுகளாக அந்த மலையில் காய்க்கிற அசல் பொருள் 'குருமுளகு' என்று அடைமொழியோடு நடமாட வேண்டியதாயிற்று. கன்னியாகுமரிப் பக்கத்தில் 'நல்லமிளகு' என்பதும் இதே கதை. நேற்று வந்தவன் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டான், வீட்டுக்காரன் 'நல்லவன்' என்ற சான்றிதழோடு திரிகிறான். இந்தியில் காலி மிர்ச், துருக்கியில் கராபிபெர், இரண்டுமே 'கறுப்பு' அடையோடு. சிங்களத்தில் மிரிஸ் என்றால் மிளகாய், மிளகுக்கு கம்மிரிஸ். சுவாகிலியில் பிலிபிலி என்று ஒரே சொல். குடைமிளகாய்க்குப் பிலிபிலி ஹோஹோ.

ஆங்கிலம் ஒன்றும் செய்யவில்லை. மிளகும் பெப்பர், மிளகாயும் பெப்பர், குடைமிளகாயும் பெப்பர். அமெரிக்கச் சமையல் குறிப்பை நம்பி 'ரெண்டு பெப்பர்' போடச் சொன்ன இடத்தில் இரண்டு மிளகைப் போட்டுவிட்டு முழித்தவன் நான், அதனால் இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பக்கம் போனால் மிளகாய், குடைமிளகாய் வகைக்குப் பாப்ரிகா என்று பெயர். செர்பிய, குரோவாசிய மொழிகளில் மிளகு 'பபர்'. அதிலிருந்து பாப்ரிகா, அதை ஹங்கேரியர்கள் எடுத்து உலகப் புகழ் ஆக்கினார்கள். ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி வைட்டமின் சி-யைப் பெரிய அளவில் பிரித்தெடுத்தது செகெத் ஊரின் பாப்ரிகா மிளகாயிலிருந்துதான். 1937இல் அவருக்கு நோபல் பரிசு. அந்தப் பாப்ரிகாவை நினைவில் வையுங்கள், பெப்பரோனிக்குள் மறுபடி வரும்.

சரி, இப்போது மூன்றாவது கேள்வி. பெபே எங்கிருந்து வந்தது? லத்தீனில் பிபெர், அதற்கு முன் கிரேக்கத்தில் பெபெரி. அதற்கும் முன்னால் இந்தியச் சொல், வடமொழியில் 'பிப்பலி'. நடுவில் இருந்த 'ல' எப்படி 'ர' ஆனது என்றால், சொல் பாரசீகம் வழியாகப் போனதால் என்பார்கள். பழைய பாரசீகத்தில் 'ல' மிக அரிது. பிற்காலப் பாரசீக வழியில் போன இன்னொரு கிளை 'ல'வைத் தக்கவைத்துக்கொண்டது. அதைத்தான் அரபியர்கள் வாங்கினார்கள். அவர்களிடம் 'ப' இல்லாததால் ஃபில்ஃபில் ஆயிற்று. சுவாகிலியின் பிலிபிலியும் இந்தக் கிளைதான். ஃபலாஃபெல் வடைக்கும் இதுவே மூலம் என்று பலர் சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, பிப்பலி என்பது மிளகே அல்ல. திப்பிலி. சுக்கு, மிளகு, திப்பிலி என்று திரிகடுகத்தில் மூன்றாவதாக வருமே, அதே திப்பிலி. அதன் வேர்தான் மழைக்காலத்து ரசத்தில் போடும் கண்டந்திப்பிலி. கிரேக்கர்களுக்கு முதலில் அறிமுகமானது நீளமான திப்பிலி என்பதால் அதன் பெயரே உருண்டை மிளகுக்கும் போய்விட்டது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிறந்த கிரேக்கத் தாவரவியலாளர் தியோஃபிராஸ்டஸ் ஒரே பெயரின்கீழ் நீளமானது, உருண்டையானது என்று இரண்டு வகை சொல்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி விலைப்பட்டியலே தருகிறார்: ஒரு ராத்தல் திப்பிலி 15 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, கருமிளகு 4. திப்பிலிதான் உயர்ந்த சரக்கு. விலை கூடியது என்பதால் அதில் கடுகைக் கலந்து ஏமாற்றுவதும் நடந்ததாம். கலப்படம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை.

பிளினிக்கு மிளகைக் கண்டாலே ஆற்றாமை. பழம் என்றால் இனிப்பு இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். இதில் என்ன இருக்கிறது, உறைப்பு ஒன்றைத் தவிர, அதற்காகவா இந்தியா வரைக்கும் போகிறோம் என்கிறார். ரோமானியர்கள் காதில் வாங்கவில்லை. கி.பி. 92 வாக்கில் பேரரசர் தோமித்தியன் ரோம் நகரின் நடுவே மிளகுக் கிடங்கு கட்டினார். 408இல் கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தாரின் தலைவன் அலாரிக் நகரை முற்றுகையிட்டபோது, பொன் வெள்ளி பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

அந்த மிளகு போன வழியில் தமிழ் வருகிறது. அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கப்பல் சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று ஒரு வரி. அங்கே 'கறி' என்றால் மிளகு. அதாவது முசிறித் துறையில் மூட்டை ஏற்றியவன் கறி என்றான், இறக்கியவன் பெபெரி என்றான். பொருள் நம் மலையிலிருந்து போயிருக்கிறது; பெயர் அந்த மூட்டையோடு போகவில்லை. அது முன்பே திப்பிலியோடு வடக்கு வழியாகப் போய்விட்டது. திப்பிலி என்ற நம் சொல்லும் பிப்பலியின் உறவுதான் என்பதால், 'பெப்பர் நம்ம திப்பிலியோட சொந்தக்காரன்' என்று சொன்னால் ஒத்துக்கொள்வேன். 'பெப்பர் தமிழ்ச் சொல்' என்று சொன்னால் இல்லை. மிளகு, கறி என்று நமக்கிருந்த இரண்டு சொற்களில் ஒன்றுகூட ரோமுக்குப் போகவில்லை என்பதுதான் இதில் சுவையே.

ஒரு சின்ன விலகல். பழைய 'கறி' மிளகு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கறி என்றால் இறைச்சி. அமெரிக்காவில் மிளகின் பெயர் இறைச்சிக்குப் போனதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கறித்தல் என்றால் கடித்துத் தின்பது. காய்கறி, ஆட்டுக்கறி எல்லாம் அந்தப் பக்கத்துப் பொருள். இரண்டையும் ஒரே பயணம் என்று நான் சொல்லமாட்டேன். ஈழத்தில் காரம் குறைந்த நீண்ட மிளகாயைக் கறிமிளகாய் என்பார்கள். அந்தச் சொல்லை மட்டும் ஒரு சங்கப் புலவர் கேட்டால் 'மிளகுமிளகாய்' என்று எடுத்துக்கொண்டு குழம்பிப்போவார்.

இவ்வளவு தூரம் பெயர் தாவித் தாவிப் போனதற்கு அறியாமை மட்டும்தான் காரணமா? தாவரத்தைப் பார்த்தால் தப்பு. நாக்கைக் கேட்டால் அவ்வளவு தப்பில்லை. மிளகின் உறைப்புக்குக் காரணம் பைப்பரின், மிளகாய்க்குக் கேப்சைசின். வேறுவேறு வேதிப்பொருள்கள், ஆனால் நரம்பில் இரண்டும் போய்த் தட்டுவது ஒரே கதவை. டிஆர்பிவி1 என்ற உணர்வேற்பி அது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் அதைக் கண்டுபிடித்தது. 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூடு ஏறக்குறைய 43 டிகிரியைத் தாண்டும்போது 'சுடுகிறது' என்று சொல்வதும் அதே கதவுதான். கொலம்பஸ் தேடியதும் கண்டதும் அவர் வாய்க்கு ஒரே உணர்வைத்தான் தந்திருக்கும். பெயர் செடியோடு ஒட்டவில்லை, எரிச்சலோடு ஒட்டியது. குடைமிளகாயில்தான் அது எல்லை மீறிப் போனது. அதில் கேப்சைசினே கிடையாது, உறைப்பை அளக்கும் ஸ்கோவில் அளவில் பூஜ்யம், ஆனாலும் 'பெரிய மிளகு'.

இனி அமெரிக்கா. 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் அங்கே போய் இறங்கினார்கள், பெரும்பாலோர் தென் இத்தாலி ஏழைகள். கலாப்ரியா போன்ற தென் மாவட்டங்களில் சாசேஜில் மிளகாய் அள்ளிப் போடுவது வழக்கம். அங்குள்ள ஸ்பிலிங்கா ஊரின் 'ன்துயா' என்ற சாசேஜைப் பார்த்தால் இறைச்சியா மிளகாய் விழுதா என்றே சந்தேகம் வரும். அந்த நாக்கோடு போனவர்கள் நியூயார்க் போன்ற நகரங்களில் இறைச்சிக்கடை வைத்தார்கள். அங்கே கிடைத்தது பன்றி இறைச்சியோடு நிறைய மாட்டிறைச்சியும். மிளகாய்க்குப் பாப்ரிகாத் தூள். அரைத்து, உப்பும் இறைச்சியைப் பதப்படுத்தும் நைட்ரைட்டும் சேர்த்து, புளிக்கவைத்து, உலர்த்தி, மெல்லிய வட்டமாக நறுக்கினால் பெப்பரோனி. அந்தச் சிவப்பில் பாதி பாப்ரிகா, பாதி நைட்ரைட். பாப்ரிகாவே 'மிளகு'தான் என்று மேலே பார்த்தோம்; ஆக, பெரிய மிளகு என்று பெயர் வைத்த சாசேஜுக்கு நிறம் தருவது இன்னொரு மிளகு. நம் ஊரில் இப்போது சிக்கன் பெப்பரோனியும் வந்துவிட்டது. திப்பிலியில் தொடங்கியது கோழிக்கு வந்து நிற்கிறது.

அடுத்த முறை இத்தாலியில் அந்தத் துண்டு வேண்டுமென்றால் 'தியாவோலா' என்று கேளுங்கள். 'பிசாசு பாணி' என்று பொருள், மேலே காரமான சலாமி (உலர்த்திய இத்தாலிய சாசேஜ்) இருக்கும். பெப்பரோனியைவிடக் கொஞ்சம் கடினமாக, கொழுப்பின் வெள்ளைப் புள்ளிகள் பெரிதாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும். பட்டியலில் 'சலாமே பிக்காந்தே' என்று இருந்தாலும் அதுவே.

அங்கிருந்து ரயிலேறி வடக்கே போவதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். சூரிக்கில் பெபெரோனி என்றால் இத்தாலி மாதிரியே குடைமிளகாய். வியன்னாவில் 'ஃபெஃபரோனி' என்பது காரமான நீள மிளகாய். முனிச்சில் பெபெரோனி என்று கேட்டால் வருவதும் மிளகாய்தான், பெரும்பாலும் ஊறுகாய் போட்டது. குடைமிளகாய்க்கு அங்கே பாப்ரிகா என்று பெயர். மூன்று ஊரிலும் பேசுவது ஜெர்மன்தான், ஆனால் மூன்றிலும் அந்தச் சொல்லுக்கு இறைச்சி வராது.